பக்கத்துக் கடைக்குப் போங்க

“லேப்டாப்புல இடம் பத்தலை. கூடுதலா ஒண்ணு மாட்டணும். அதானேம்மா?”

“ஆமா பாய். உள்ள ஒரு ஸ்லாட்டு காலியா இருக்காம். எஸ்.எஸ்.டி. ஒண்ணு மாட்டிவிட்டீங்கன்னா போதும்.”

மஸ்தான் லேப்டாப்பை வாங்கித் திருப்பிப் பார்த்தார். அடிப்பக்கத்தைத் தடவிப் பார்த்தார். பிறகு பவித்ராவிடமே நீட்டினார்.

“நமக்கு இது பழக்கமில்லம்மா. பக்கத்துக் கடையில தவசின்னு ஒருத்தர் இருக்கார். வெரசா மாட்டிக் குடுத்துருவார்.”

பவித்ராவுக்கு எரிச்சலாக வந்தது. ‘போடியில கம்ப்யூட்டர்னா மஸ்தான் பாய்தான்’ என்று ஆளாளுக்குச் சொன்னதை நம்பித்தான் சிலமலையிலிருந்து பஸ்சேறி வந்திருந்தாள்.

கல்யாண வீடியோ எடிட் செய்து கொடுப்பது அவள் தொழில். நாளைக்குக் காலையில் மலைமேல் சாந்தன்பாறையில் ரிசப்ஷன். மண்டபத்துத் திரையில் ஓட வேண்டிய வீடியோ, லேப்டாப்பில் இடமில்லாமல் பாதியிலேயே நிற்கிறது.

“இம்புட்டுப் பெரிய கடைய வச்சுக்கிட்டு இதுகூடத் தெரியாதா பாய்?”

“தெரியலையேம்மா” என்று சிரித்தார் மஸ்தான். கொஞ்சமும் வெட்கமில்லாத சிரிப்பு.

பக்கத்துக் கடை, பெட்டிக்கடை அளவுதான் இருந்தது. மேஜைக்குக் கீழே வலது காலை நீட்டி வைத்தபடி உட்கார்ந்திருந்தார் தவசி. சுவரோரம் ஒரு ஊன்றுகோல்.

“மஸ்தான் அனுப்புனானா? அவனுக்கு என்னாத்தா தெரியும்?” தவசி போட்ட சத்தம் தெருவுக்கே கேட்டது. “ஸ்க்ரூவ எந்தப் பக்கம் திருப்பணும்னு கேட்டுப் பாரு, முழிப்பான். மவுசு, கீபோர்டு விக்கத்தான் அவன் லாயக்கு!”

பவித்ராவுக்கு மனசு குளிர்ந்தது.

“நானும் அதத்தான் நெனைச்சேண்ணே. போர்டு மட்டும் பெருசா வச்சிருக்கார்.”

“அதச் சொல்லு! நான் போடிமெட்டு வளைவுல எஸ்டேட்டு ஆளுகள ஏத்திக்கிட்டு ஜீப்பு ஓட்டுனவன். வண்டி கவுந்து காலுலதான் கம்பி வச்சிருக்கு. கை அப்பிடியே இருக்கு. முறையா கோர்ஸ் படிச்சுட்டுத்தான் கடை போட்ருக்கேன்.”

“உள்ள இருக்கறதெல்லாம் பத்திரமா இருக்குமாண்ணே? ஒரு கல்யாணமே அதுக்குள்ள இருக்கு.”

“பழசத் தொடவே மாட்டேன். அதுபாட்டுக்கு அது இருக்கும், பக்கத்துல புதுசு ஒண்ணு உக்காரும். நீ போயி ஒரு டீயக் குடிச்சுட்டு வா ஆத்தா.”

டீக்கடையில் டீயைவிட பவித்ரா சூடாக இருந்தாள். மஸ்தானைப் பற்றி மாஸ்டரிடம் நாலு வார்த்தை சொன்ன பிறகுதான் ஆறினாள்.

“பாய் கொஞ்ச நாளாவே இப்பிடித்தாம்மா” என்றார் மாஸ்டர், டீயை ஆற்றிக்கொண்டே. “யாரு எதக் கொண்டாந்தாலும் தெரியாதுங்கிறாராம். மறதி வந்துருச்சோ என்னமோ.”

“மறந்தவரு கடைய மூடிட்டுப் போகவேண்டியதுதானே?”

பாதி டம்ளரில்தான் ஞாபகம் வந்தது. தவசியிடம் பாஸ்வேர்டு சொல்லவில்லை. டீயை அப்படியே வைத்துவிட்டு ஓடினாள்.

கடையில் ஆளில்லை. ஊன்றுகோல் இல்லை. லேப்டாப்பும் இல்லை.

பவித்ராவுக்குத் திக்கென்றது. எவனென்றே தெரியாதவனிடம் அடுத்த வீட்டுக் கல்யாணத்தைத் தூக்கிக் கொடுத்துவிட்டு டீ குடிக்கப் போயிருக்கிறோமே!

பின்பக்கக் கதவு திறந்து கிடந்தது. வெளியே பேச்சுச் சத்தம். எட்டிப் பார்த்தாள்.

இரண்டு கடைக்கும் பொதுவான சின்ன முற்றம். முக்காலி மேல் அவளுடைய லேப்டாப் மல்லாந்து கிடந்தது. கையில் ஸ்க்ரூ டிரைவரோடு தவசி. அவருக்குப் பக்கத்தில் செல்போன் வெளிச்சத்தைப் பிடித்துக்கொண்டு குனிந்திருந்தது மஸ்தான்.

“மெதுவா மாப்ளே. சாய்ச்சு வச்சு உள்ள தள்ளு. ஆங்... இப்ப அமுக்கு. அமுக்கிப் பிடிச்சுக்கிட்டே ஸ்க்ரூவப் போடு.”

தவசி ஸ்க்ரூ டிரைவரை மஸ்தானிடம் நீட்டினார்.

“நீயே மாட்டிருடா. கல்யாண வீடியோவாம். பயமா இருக்கு.”

“நீதான் மாட்டணும். நான்தான் பக்கத்துல இருக்கேன்ல? போடு.”

கூப்பிட வாயெடுத்த பவித்ரா அப்படியே நின்றாள்.

ஸ்க்ரூ இறுகியது. மூடியைப் போட்டு நிமிர்த்தி ஆன் செய்தார்கள். பாஸ்வேர்டு கேட்பதற்கு முன்பே மஸ்தான் ஏதோ ஒரு பட்டனைத் தட்டினார். திரையைக் காட்டினார்.

“இந்தா பாரு. பழசும் இருக்கு, புதுசும் இருக்கு. ஒரு குறையும் இல்ல. போன வாரத்துக்கு இந்த வாரம் கை நல்லா ஓடுது மாப்ளே.”

தவசி மூச்சை இழுத்து விட்டார். ஆனால் முகம் தெளியவில்லை.

“எனக்கு வெக்கமா இருக்கு மஸ்தானு. வர்ற ஆளையெல்லாம் எங்கிட்ட அனுப்பிட்டு நீ அங்க ஈ ஓட்டிக்கிட்டு இருக்க. போதாததுக்கு, அந்தப் புள்ளைகிட்ட உன்னைய வாய்க்கு வந்தபடி பேசிட்டு வேற வந்திருக்கேன்.”

“பேசுனது கேட்டுச்சு.” மஸ்தான் முகத்தைச் சுளித்தார். “என்ன பேச்சுப் பேசுற நீ? உப்பும் இல்ல, உறைப்பும் இல்ல. எம்புட்டுத் தடவை சொல்லிக் குடுத்துருக்கேன்? அடுத்த ஆளு வரும்போது ‘திருட்டுப்பய’ன்னும் ஒரு வார்த்தை சேத்துக்கோ மாப்ளே. அப்பத்தான் சனம் என்னைய விட்டுட்டு நேரா உன் கடைக்கு வரும்.”