குடையில் ஒட்டிய மாப்பிள்ளை

மூக்குக் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிக்கொண்டு, குடையில் ஒட்டியிருந்த காகிதத்தை அந்த மனிதர் மூன்றாவது முறையாகப் படித்தார். பெய்ஃபாங் குடையை அவர் பக்கம் இன்னும் கொஞ்சம் சாய்த்தாள். ஷாங்காய்ப் பூங்காவில் பெற்றவர்கள் வரன் தேடி ஞாயிறுதோறும் கூடும் கல்யாணச் சந்தையில், மகனின் விவரம் ஒட்டிய குடையை விரித்து இரண்டு வருஷமாக உட்கார்ந்திருக்கிறாள். மகனுக்கோ முப்பத்தெட்டு முடியப்போகிறது.

ஜுன்யி என்ற பெயருக்குக் கீழே மகனின் பெருமை அத்தனையும் இருந்தது. கல்லீரல் புற்றுநோய் அறுவை நிபுணர். எட்டு வருஷ மருத்துவப் படிப்பு, ஐந்து வருஷப் பயிற்சி, போதாததற்கு டோக்கியோவில் இரண்டு வருஷம். எல்லாம் படித்து முடித்து நிமிர்ந்தபோது தலையில் பாதி முடி இல்லை. அதை மட்டும் அவள் எழுதவில்லை.

"டோக்கியோவுல யாருகிட்ட பயிற்சி எடுத்தாரு, அக்கா?"

பேராசிரியர் பெயரைச் சொன்னாள்.

"அப்ப இவரேதான்!" என்று சின்ன நோட்டில் குறித்துக்கொண்டார் அவர்.

மகன் புகழ் ஊரெல்லாம் பரவியிருக்கிறது! பக்கத்துக் குடைக்காரி பொறுக்கமாட்டாமல், "நானும் பேங்க் மேனேஜர் பையனை வச்சிக்கிட்டு உக்காந்திருக்கேன். ஒருத்தரும் நோட்டு எடுக்கக் காணோம்" என்று முணுமுணுத்தாள்.

"அவருக்குக் கை நடுங்காதே, அக்கா?"

குடிப்பழக்கத்தை என்ன நாசூக்காக விசாரிக்கிறார்! பெய்ஃபாங் பூரித்துப்போனாள்.

"ஒரு சொட்டு தொடமாட்டான். ஊசியில நூல் கோக்கச் சொல்லுங்க, ஒரே தடவையில கோப்பான்."

"ஆஸ்பத்திரியில எந்தக் கிழமை இருப்பாரு?"

மறைந்து நின்று மாப்பிள்ளை பார்க்கிற உத்தேசம் போலும். "செவ்வாய், வியாழன். தாராளமா போய்ப் பாருங்க!"

சொந்த வீடு உண்டா என்று கேட்கவில்லை, சம்பளத்தைப் பற்றி மூச்சு விடவில்லை. இந்தக் காலத்தில் இப்படி ஒரு குடும்பமா? கல்யாண விருந்துக்கு எந்த ஹோட்டல் என்பதுவரை அவள் மனசு போய்விட்டது.

"எல்லாம் கேட்டுட்டீங்க, சம்பந்தி. உங்க பொண்ணு போட்டோவைக் காட்டுங்களேன்!"

அவர் நோட்டை மூடினார். பைக்குள் கைவிட்டு ஒரு ஸ்கேன் படத்தை எடுத்து அவள் மடியில் வைத்தார். கண் கலங்கிவிட்டது அவருக்கு.

"எனக்குப் பொண்ணு கிடையாது, அக்கா. என் சம்சாரத்தைக் காட்டத்தான் கேட்டேன்; நாலு மாசமா உங்க பையன்கிட்ட டோக்கன் கிடைக்கலை."