இன்னும் யோசிக்கேன்

செண்பகத்தின் கணவர் சங்கரபாண்டியன் கோவில்பட்டித் தெருமுனைகளில் தொண்டை கிழியப் பேசிய கட்சிக்காரர். எதிர்க்கட்சிக் கொடி பறக்கிற வீட்டில் பச்சைத் தண்ணீர் குடிக்க மாட்டார். அந்தக் கட்சியில் சேர்ந்த நடிகரின் படத்துக்கு அவளைக் கடைசிவரை கூட்டிப்போகவில்லை.

அவர் செத்த மறுவருஷம் தேர்தல் வந்தது. அந்த எதிர்க்கட்சியே அவருடைய பழைய மேடைப் பேச்சுகளை வைத்துக் கம்ப்யூட்டரில் அவர் குரலைச் செய்து அவளுக்குப் போன் போட்டது.

"ஏட்டி செண்பகம், இந்தத் தடவ நம்ம ஓட்டு இவங்களுக்குத்தான், என்ன?"

மகள் பூரணிக்கு ஆத்திரம் தாங்கவில்லை. "எம்மா, போடுதேன்னு சொல்லு, இல்ல மாட்டேன்னு சொல்லு. ரெண்டுல ஒண்ணு சொல்லிட்டா அப்புறம் கூப்பிடாது."

மறுநாள் சாயங்காலம் போன் மணி அடித்ததும் செண்பகம் அடுப்பை அணைத்துவிட்டு ஓடி வந்து எடுத்தாள்.

"முடிவு பண்ணிட்டியா?"

"இன்னும் யோசிக்கேன்."

"சரி, நாளைக்குக் கூப்பிடுதேன்."

தினமும் இப்படியே போயிற்று. ஒருநாள் அவரைச் சீண்டிப் பார்க்க ஆசை வந்தது. "அந்த நடிகர் படத்துக்குப் போயிருந்தேன். நல்லாத்தான் நடிச்சிருக்கார்."

உயிரோடு இருந்திருந்தால் அன்று ராத்திரி சாப்பிடாமல் படுத்திருப்பார். "உன் கருத்துக்கு நன்றி," என்றது குரல்.

செண்பகம் முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். "நாளைக்கும் கூப்பிடுங்க. இன்னும் யோசிக்கேன்."

பிரசாரம் ஓய்ந்த அன்றைக்குப் போன் வரவில்லை. ஓட்டுப் போட்டுவிட்டுத் திரும்பும் வழியில், விரல் மையைப் பார்த்தபடி மகளிடம் கேட்டாள்:

"கவுன்சிலர் எலெக்ஷன் எப்பம்மா வரும்?"