சோப்பு விழுந்த தலை

"என்னங்க, என் சோப்பு கரைஞ்சு போச்சு. உங்களோடத வீசுங்க!"

வெந்நீர் ஊற்றுக் குளியல் கூடத்தின் பெண்கள் பக்கத்திலிருந்து, நடுச்சுவரைத் தாண்டிக் குரல் வந்தது.

ஆண்கள் பக்கம் கழுத்தளவு வெந்நீரில் கிடந்த தொகுஜி எழுந்து வீசினார். "பிடிச்சாச்சா?"

"தலையில விழுந்துச்சு! என்னைக் கொல்லாம விடமாட்டீங்க போல!"

இரண்டு பக்கமும் சிரிப்பு கிளம்பியது.

"மாடிக்குச் சாப்பிட வரணும், மறந்துடக் கூடாது. எனக்கு இறால் பொரிச்சதும் பீரும்!" என்றார் தொகுஜி.

"பீரா? போன வாரம் தலை சுத்துதுன்னு புலம்பினது யாரு? மிசோ சூப்பு போதும் உங்களுக்கு."

"சரி, பத்து நிமிஷம்!"

"முடி காய வேணாமா? இருபது!"

தொகுஜி அவசரமாக உடுத்திக்கொண்டு, கண்ணாடி முன் நின்று, இருந்த நாலு முடியை மூன்று தடவை சீவினார்.

பக்கத்தில் துவட்டிக்கொண்டிருந்தவர் கேலி செய்தார். "பொண்டாட்டியோட சாப்பிடவா இந்த அலங்காரம்? கல்யாணமாகி நாப்பது வருஷம் இருக்குமே!"

தொகுஜி படியேறினார்.

மாடி உணவகத்தில் பெண்கள் எல்லோரும் குளியல் கூடத்தில் கொடுத்த ஒரே மாதிரி நீல அங்கியில், வெந்நீரில் சிவந்த முகத்தோடு இருந்தார்கள். தொகுஜி திருதிருவென்று விழித்தார். பிறகு தொண்டையைச் செருமிக்கொண்டு கேட்டார்:

"மன்னிக்கணும்... சோப்பு தலையில விழுந்தது யாருங்க?"

ஜன்னலோர மேசையில் ஒரு கை உயர்ந்தது.

"நான்தாங்க. என் பேரு சுமியே. ஆறு மாசமா சுவருக்கு அந்தப் பக்கமே இருந்து சண்டை போட்டீங்க, இன்னைக்குத்தான் உங்க முகத்தைப் பார்க்குறேன். உட்காருங்க, பீர் சொல்லியாச்சு. ரெண்டு கிளாஸ்."