மலைக்குக் கூட்டிப்போன நாள்

தலையில் தண்ணீர் விழுந்ததும் ஈஸ்வரி வீல் என்று கத்தினாள். கத்திவிட்டுச் சிரித்தாள்.

அது யாருக்கும் கேட்டிருக்காது. ஐப்பசி மழையில் ஜவ்வாது மலையே ஊறிக் கிடந்தது, அருவி அந்தப் போடு போட்டது.

எதிர்ப் பாறையில் அவள் புருஷன் தனசேகரன் பேண்டை முழங்கால் வரை மடித்துவிட்டு உட்கார்ந்திருந்தான். கையில் செல்போன். அட, அவளைத்தான் படம் எடுக்கிறான்! ஈஸ்வரிக்கு வெட்கம் பிடுங்கித் தின்றது. நைட்டி மேல் துண்டை இழுத்துப் போட்டுக்கொண்டாள்.

கல்யாணமாகி ஏழெட்டு வருஷத்தில் போளூர் பஸ் ஸ்டாண்டைத் தாண்டி அவளை அவன் எங்கேயும் கூட்டிப்போனதில்லை. ஆஸ்பத்திரிக்குப் போனதைச் சேர்க்கக் கூடாது. அதற்கு வேலூர் வரைக்கும் போயிருக்கிறார்கள். இரண்டு பேருக்கும் ஒரு குறையும் இல்லை, கொஞ்சம் பொறுங்கள் என்றுதான் எல்லா டாக்டரும் சொன்னார்கள்.

மாமியார் கெங்கம்மாளுக்குத்தான் பொறுக்கவில்லை.

"எம்புள்ளைக்கு இன்னா வயசாய்டுச்சு? இன்னொண்ணு பாத்துக் கட்டி வச்சாப் போவுது" என்று தெருவுக்கே கேட்கும்படி சொல்வாள். அன்றைக்கெல்லாம் ஈஸ்வரிக்குச் சோறு இறங்காது. இந்த வீட்டில் நம்மை வைத்திருப்பார்களா, துரத்திவிடுவார்களா என்ற நினைப்பே ஓடிக்கொண்டிருக்கும். ராத்திரி அவன் பக்கத்தில் படுத்துக்கொண்டு, கேட்கவும் பயந்து, கேட்காமல் இருக்கவும் முடியாமல் கிடப்பாள்.

அந்தக் கெங்கம்மாள் இன்று காலையில் தன் கையால் இவள் தலையில் மல்லிகைப்பூ வைத்தாள். "போய்ட்டு வா கண்ணு. பொறுமையா வாங்க" என்றாள்.

கண்ணு! அந்த வாயிலிருந்து அப்படி ஒரு சொல் வரும் என்று யார் கண்டது?

பைக்கில் வரும்போது மலைப்பாதை வளைவுகளில் அவன் தோளைப் பிடித்துக்கொண்டாள். அவன் தட்டிவிடவில்லை. வழியில் வண்டியை நிறுத்தி, புளியமரத்தடியில் கூடை வைத்திருந்த அம்மாவிடம் கொய்யா வாங்கி, மிளகாய்த்தூள் தூவச் சொல்லி அவளிடம் நீட்டினான். தின்னும்போது கண் கலங்கிவிட்டது. காரம் என்று சொல்லிச் சமாளித்தாள்.

பாவி மனுஷன், இவ்வளவு ஆசையையும் எங்கே பூட்டி வைத்திருந்தான்?

போனதெல்லாம் போகட்டும் என்று நினைத்துக்கொண்டாள். இவன் நம்மை விடமாட்டான். அருவிக்குக் கீழே நின்றபடியே கையெடுத்துக் கும்பிட்டாள். பக்கத்தில் குளித்தவள் ஒரு மாதிரியாகப் பார்த்தாள். பார்த்தால் பார்க்கட்டுமே!

பல் கிட்டித்ததும் கரையேறினாள். துண்டைப் பிழிந்துகொண்டே பாறைக்குப் பின்புறமாக வந்தாள். அவள் வந்தது அவனுக்குத் தெரியவில்லை. போனைக் காதில் அழுத்திக்கொண்டு அருவிச் சத்தத்துக்கு மேல் கத்திக்கொண்டிருந்தான்.

"பொண்ணு வூட்டுக்காரங்க சாப்ட்டாங்களாம்மா? கேக்கல, சத்தமா சொல்லு. சாப்ட்டாங்களா, இல்லியா?"

பிழிந்த துண்டு கையிலேயே நின்றுவிட்டது.

சம்மதம் இல்லாமல் பெண் வீட்டார் மாப்பிள்ளை வீட்டில் ஒரு வாய் சோறு தொடமாட்டார்கள். சாப்பிட்டுவிட்டால் பேச்சு முடிந்தது, நாள் குறிக்க வேண்டியதுதான். அவர்கள் வந்து போகிற வரைக்கும் இவள் அந்த வீட்டில் இருக்கக் கூடாது. அதற்குத்தான் மலை, அதற்குத்தான் அருவி.

தனசேகரன் திரும்பினான். அவளைப் பார்த்தான். திடுக்கிடக்கூட இல்லை.

"எங்க அப்பாகிட்ட சொல்றேன்." துண்டை அவன் காலடியில் விசிறினாள். "கலசப்பாக்கத்துலருந்து ஆளக் கூட்டிக்கினு வந்து உன் வூட்டு வாசல்ல நிப்பாரு, பாத்துக்கினே இரு. அவரு உசுரோட இருக்கறப்ப என் எடத்துக்கு இன்னொருத்தி வந்துடுவாளா?"

அவன் போனை நீட்டினான்.

"நம்ம வூட்லதான் இருக்காரு. பேசு."

அவளுக்குப் போன உயிர் திரும்பி வந்தது. விஷயம் எப்படியோ காதில் விழுந்து அப்பா வந்துவிட்டார்! தட்டிக் கேட்க வந்துவிட்டார்! ஈரக் கையால் போனைப் பிடுங்கிக் காதில் வைத்தாள்.

"அப்பா..." என்றதும் அழுகை முட்டிக்கொண்டு வந்தது.

அப்பா தொண்டையைச் செருமினார்.

"இப்பதாம்மா சாப்ட்டு எழுந்தோம். எவளோ ஒருத்தி வர்றதுக்கு நம்ம ஷோபனாவே வந்தா உனக்கும் நல்லதுதானேம்மா? உன் தங்கச்சிக்கு ஒண்ணும் தெரியாது, சின்னப் புள்ள. நீதான் கூட இருந்து பாத்துக்கணும்."