பக்கத்து சீட் பிரேக்

"கிளட்சை மெதுவா விடு. அவசரமே இல்லை" என்றார் டிரைவிங் ஸ்கூல் மாஸ்டர்.

"இது என் முட்டி. கிளட்ச் இல்லை" என்றாள் மனைவி.

மாலையில் அந்தக் கடலோரச் சாலைக்குள் வண்டிகளுக்கு அனுமதி கிடையாது. இரும்புத் தடுப்புக்கு இந்தப் பக்கம் நடக்கிறவர்கள் மட்டும்தான். இருந்தாலும் மாஸ்டர் அவளுக்கு இடப்பக்கமாகவே நடந்தார். ஸ்கூல் காரில் காலமெல்லாம் அவர் உட்கார்ந்த பக்கம் அது.

அந்தப் பக்கத்திலும் ஒரு பிரேக் உண்டு. கற்றுக்கொள்கிறவர் காலுக்கு ஒன்று, கற்றுக்கொடுக்கிறவர் காலுக்கு ஒன்று. அதை மிதித்து மிதித்தே ஊரில் அவருக்கு 'பிரேக் மாஸ்டர்' என்று பெயர். பஸ்ஸில் போனாலும் சரி, சினிமாவில் கதாநாயகன் கார் ஓட்டினாலும் சரி, அவர் வலது கால் தானாகத் தரையை அழுத்தும்.

மூன்று மாதத்துக்கு முன் அவள் ஒட்டடை அடிக்க ஸ்டூலில் ஏறினாள். ஸ்டூல் ஒரு பக்கமாகவும் அவள் ஒரு பக்கமாகவும் இறங்கினார்கள். முட்டியில் அறுவை சிகிச்சை. தடுப்பிலிருந்து கலங்கரை விளக்கம் வரைக்கும் உட்காராமல் நடக்கிற நாள்வரை கூடவே ஆள் போகவேண்டும் என்று டாக்டர் சொல்லிவிட்டார்.

மாஸ்டர் காலை வகுப்பை மட்டும் வைத்துக்கொண்டு மாலை வகுப்பை நிறுத்தினார். கல்யாணத்தன்றுகூட நிறுத்தாத வகுப்பு.

எல்லாம் தலையெழுத்து என்று முணுமுணுத்துக்கொண்டுதான் நடக்க ஆரம்பித்தார். இப்போது நிலைமை கைமீறிப் போய்விட்டது. நாலு மணி ஆனால் போதும், மிச்சமிருக்கிற முடியை வாரிக்கொண்டு வாசலில் நிற்கிறார். ஒட்டடைக் கம்பைப் பார்க்கும்போதெல்லாம் மனசுக்குள் ஒரு கும்பிடு போடுகிறார்.

வெளியே சொல்ல முடியுமா? சொன்னால் அவள் ஆயுசுக்கும் சொல்லிக்காட்டுவாள்.

அவள் கலங்கரை விளக்கத்தைத் தொட்டால் மறுநாளே மாலை வகுப்பு. ஸ்டியரிங்கைப் பிடித்ததும் கண்ணை மூடிக்கொள்கிற ஒரு கூட்டமே அங்கே காத்திருக்கிறது.

அவளோ இன்று பறந்தாள்.

பச்சை ஜன்னல் வைத்த பழைய சுங்க மாளிகையைத் தாண்டியாயிற்று. யாரையும் பயமுறுத்தாமல் குழந்தைகளைச் சுமந்துகொண்டு கிடக்கும் பீரங்கிகளையும் தாண்டியாயிற்று.

மாஸ்டர் முதல் பிரேக்கைப் போட்டார். செருப்பில் கல் என்றார். கழற்றி உதறினார். காற்றுதான் விழுந்தது.

அடுத்து கவர்னர் சிலை.

"பாரு, இருநூறு வருஷமா வலது பக்கம் கை காட்டிட்டு நிக்கறான். இன்னும் திரும்பின பாடில்லை. என்கிட்ட வந்திருந்தா ஃபெயில்."

"இதை நேத்தும் சொன்னீங்க. முந்தாநாளும் சொன்னீங்க." அவள் நிற்கவில்லை.

மாஸ்டர் வானத்தைப் பார்த்தார். "மழை வரும் போலிருக்கே. உன் குடை எங்க?"

"எங்கயோ வெச்சுட்டேன்" என்றபடி அவளும் அண்ணாந்து பார்த்தாள். மருந்துக்குக்கூட ஒரு மேகம் இல்லை.

சிவப்புத் துணியில் வெள்ளைப் புள்ளி போட்ட குடை. ஒரு கம்பி கோணல். கார் கதவில் வைத்து நசுக்கிய புண்ணியவான் வேறு யாருமில்லை, மாஸ்டரேதான்.

கடைசி பெஞ்ச் வந்துவிட்டது. அதற்கப்புறம் கலங்கரை விளக்கத்தின் படிகள்தான். மாஸ்டரிடம் சாக்கெல்லாம் தீர்ந்துபோயிருந்தது. கண்ணை மூடிக்கொண்டு ஓட்டுகிறவர்களின் முகங்கள் வரிசையாக வந்து போயின.

"அப்பப்பா, முடியலைங்க" என்று அவள் பெஞ்சில் பொத்தென்று உட்கார்ந்தாள்.

மாஸ்டர் பதறிப்போனார். பதறியது முகம் மட்டும்தான்.

"அடடா, இவ்வளவு தூரம் வந்துட்டு..." என்று மிகுந்த வருத்தத்தோடு சொல்லிவிட்டு, அவள் மனசு மாறுவதற்குள் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டார்.

கலங்கரை விளக்கத்துப் படியோரம் நாளெல்லாம் தொலைநோக்கி வைத்துக் கப்பல் காட்டுகிறவர், கடையைக் கட்டிக்கொண்டு, முக்காலியைத் தோளில் சாய்த்தபடி அந்த வழியாக வந்தார். மாஸ்டர் அவரைத் தூரத்திலிருந்து பார்த்ததோடு சரி. அவளைக் கண்டதும் அவர் முகம் மலர்ந்தது. பையிலிருந்து ஒரு குடையை எடுத்து நீட்டினார்.

"அக்கா, காலையில படியிலயே விட்டுட்டுப் போயிட்டீங்க. தினமும் அந்த வேகத்துல மூணு சுத்து வந்தா, குடையெல்லாம் எங்க ஞாபகம் இருக்கும்!"

சிவப்பில் வெள்ளைப் புள்ளி. ஒரு கம்பி கோணல்.

அவர் போய்விட்டார். அவள் ஒரு கப்பலும் இல்லாத கடலை ரொம்ப அக்கறையாகப் பார்த்துக்கொண்டிருந்தாள். காது மடல் மட்டும் சிவந்திருந்தது.

மாஸ்டர் குடையை விரித்தார். வெயிலும் இல்லை, மழையும் இல்லை. இரண்டு பேருக்கும் மேலாகப் பிடித்துக்கொண்டார்.

"கால் இன்னும் பழகலை. நாளைக்கும் வரணும்" என்றார், டாக்டர் குரலில்.

"ஆமாங்க. பாவம், உங்க கிளாஸ்தான் கெட்டுப்போகுது."

"என்ன பண்றது, விதி."

குனிந்து பார்த்தார். வழக்கம்போல அவர் வலது கால் தரையை அழுத்திக்கொண்டிருந்தது.

பக்கத்தில் அவள் காலும்.