கறுப்பு ஆயில்

“சின்னக்கருப்பன்னு ஒரு டிரைவர் வேலை கேட்டு வந்திருக்கான். உங்ககிட்ட ஓட்டுனவனாம்ல? வச்சுக்கலாமாங்க?”

வடகவுஞ்சியிலிருந்து பூண்டு வியாபாரி திருமலைச்சாமி போனில் கேட்டார். பெயரைக் கேட்டதுமே ஞானவேலுக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

“நான் ஒர்க்‌ஷாப்ல நிக்கிறேன். செத்த நேரம் கழிச்சுக் கூப்பிடுங்க, அவன் லட்சணத்தை விலாவாரியாச் சொல்றேன்.”

“சரிங்க. உங்க வார்த்தையை வச்சுத்தான் சேர்க்கிறதா வேண்டாமான்னு முடிவு பண்ணணும்.”

ஞானவேல் போனைச் சட்டைப் பையில் போட்டார். மனைவி முருகேஸ்வரியோடு கொடைக்கானல் ஆஸ்பத்திரிக்குப் போய்த் திரும்பும் வழியில், ஏற்றத்தில் கார் இழுக்காமல் புகை கக்கிவிட்டது. பக்கவாதம் வந்ததிலிருந்து அவர் ஸ்டியரிங்கைத் தொடக் கூடாது என்பது டாக்டர் உத்தரவு. வாடகைக்கு வந்த ஆக்டிங் டிரைவர் எப்படியோ மெக்கானிக் ஷெட் வரை உருட்டிவந்து நிறுத்திவிட்டு டீ குடிக்கப் போய்விட்டான்.

மெக்கானிக் விக்னேஷ், ஏர் ஃபில்டரிலிருந்து இஞ்சினுக்குப் போகும் குழாயைக் கழற்றி உள்ளே விரலை விட்டான். விரல் எண்ணெயாக வெளியே வந்தது.

“காத்து போற பைப்புய்யா இது. இதுல இவ்வளவு ஆயில் இருக்கக் கூடாது.”

“எனக்கே சொல்றியா தம்பி? பழனி ஸ்டாண்டுல முப்பது வருசம் டாக்சி ஓட்டுனவன் நான். இது அந்தச் சின்னக்கருப்பன் பார்த்த வேலை. போகும்போது எதையோ கழட்டி விட்டுட்டுப் போயிட்டான்.”

“யாருய்யா அது?”

“எங்க டிரைவர். தினமும் வெள்ளனே எந்திரிச்சு நானே குச்சியை விட்டு ஆயில் பாப்பேன். பாக்குறப்பல்லாம் குறைஞ்சு கெடக்கும். நானும் ஊத்திக்கிட்டே இருந்தேன். போன மாசம் கையும் களவுமாப் பிடிச்சேன். வண்டிக்கு அடியில படுத்துக்கிட்டு கேன்ல ஆயில் பிடிக்கிறான். அங்கனயே சாவியை வாங்கிட்டு அனுப்பிட்டேன்.”

“அவரு என்ன சொன்னாரு?”

“என்னத்தைச் சொல்வான்? தலையைத் தொங்கப் போட்டுக்கிட்டுப் போயிட்டான்.”

காரின் பின் சீட்டில் இருந்த முருகேஸ்வரி வெளியே பார்த்துக்கொண்டிருந்தாள். ஆஸ்பத்திரியில் காத்திருந்த அலுப்பு அவள் முகத்தில் அப்படியே இருந்தது.

விக்னேஷ் இஞ்சினுக்குக் காற்றை அழுத்தித் தள்ளும் டர்போவை ஆட்டிப் பார்த்தான். ஆட்டம் இல்லை. இஞ்சினை ஓடவிட்டு ஆயில் மூடியைத் திறந்தான். புகை வரவில்லை.

“நல்ல வேளை, இஞ்சின் தேயலை.”

கொஞ்ச நேரம் ஆறவிட்டு, ஆயில் பார்க்கும் குச்சியை உருவினான். துடைத்து மறுபடி விட்டு எடுத்தான்.

“மேல் கோட்டைத் தாண்டி நிக்குதுய்யா.”

“இருக்காது. நேத்துக்கூடக் கீழ்க் கோட்டுலதான் இருந்துச்சு. நான்தானே ஊத்தினேன்.”

“வண்டியை எங்க நிறுத்திப் பாத்தீங்க?”

“வீட்டு வாசல்லதான். சிமெண்ட் போட்ட தரை. சமமாத்தான் இருக்கும்.”

விக்னேஷுக்குச் சிரிப்பு வரவில்லை. பாவமாகத்தான் இருந்தது.

“கொடைக்கானல் மலையில எந்த வாசல்யா சமமா இருக்கு? கண்ணுக்குத் தெரியாது, ஆனா சரிவு இருக்கும். ஆயில் ஒரு பக்கமா ஒதுங்கிரும். குச்சி குறைச்சலாக் காட்டும். குறையுதுன்னு நீங்க ஊத்த ஊத்த, இஞ்சின் தாங்காம இந்தப் பைப்புல தள்ளியிருக்கு.”

“அதெப்படி? அவன் இருந்த வரைக்கும் இப்படி ஆகலையே?”

கேட்ட பிறகுதான் ஞானவேலுக்கே உறைத்தது.

“புது ஆயில் கேனை வீட்டுல எங்க வைப்பீங்க?”

“வாசல்லயே, படிக்குப் பக்கத்துல.”

“திருடுறவன் அதை விட்டுட்டு, இஞ்சின்ல ஓடிக் கறுத்த ஆயிலையா எடுப்பான்? நீங்க கூடுதலா ஊத்துனதைத்தான்யா அவரு இறக்கி விட்டுக்கிட்டே இருந்திருக்காரு. அவரு போனதும் இறக்க ஆளில்லை.”

போன் அடித்தது. திருமலைச்சாமிதான். ஞானவேல் அதையே பார்த்துக்கொண்டு நின்றுவிட்டுக் கடைசியில் எடுத்தார்.

“நல்ல பையன்ங்க. கண்ணை மூடிக்கிட்டு வச்சுக்கங்க.”

“அப்புறம் ஏன் நிறுத்துனீங்க?”

“தப்பு எம்மேல. அவன் மேல ஒண்ணும் இல்ல.”

போனை வைத்துவிட்டு, அங்கே கிடந்த பழைய டயர் மேல் உட்கார்ந்தார். சிபாரிசு செய்த வாயால் இனி அவனைத் திரும்பக் கூப்பிடவும் முடியாது. அவமானத்துக்குத் திட்ட ஒரு ஆள் வேண்டியிருந்தது.

“ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம்ல அந்தப் பய? சொன்னா அடிச்சா போட்டுருவேன்?”

முருகேஸ்வரி கார் கதவைத் திறந்து இறங்கினாள்.

“எங்கிட்டச் சொன்னான்ங்க. அன்னைக்குச் சாவியைக் கொடுத்துட்டுப் போறப்ப. நான்தான் வாயை மூடிக்கிட்டு இருந்துட்டேன்.”

“உனக்குத் தெரியுமா? ஏன் சொல்லலை?”

“பக்கவாதம் வந்து நீங்க சுவத்தைப் பார்த்தே படுத்துக் கெடந்தீங்க. சோத்துக்குக்கூட எந்திரிக்கலை. நீங்களா முதல்ல எந்திரிச்சு வந்ததே வண்டிக்கு ஆயில் பாக்கத்தான். ‘அதையும் தப்பாத்தான் பாக்குறாருன்னு தெரிஞ்சா அய்யா திரும்பப் படுத்துருவாரும்மா, நான் திருடனாவே போயிக்கிறேன்’னு சொல்லிட்டுப் போனான்.”