பதினேழாவது பிரசவம்

பிரசவ வார்டில் பயிற்சிக்கு வந்திருந்த நர்சிங் மாணவி சகாயமேரிக்கு அது பதினேழாவது பிரசவம். இருபது பிரசவம் பார்த்துப் பதிவேட்டில் எழுதினால்தான் தேர்வுக்கு விடுவார்கள். குழந்தை அழவில்லை. டாக்டர் இல்லையென்று தலையசைத்ததும் அதைத் துணியில் சுற்றி அவளிடம் கொடுத்தார்கள். அவள் எடை போட்டு, நேரம் குறித்து, வெளியே நின்ற தகப்பனிடம் ஒப்படைத்தாள். இன்னும் மூன்றுதான் பாக்கி என்று நினைத்துக்கொண்டாள். வலிப்பு வந்து மயங்கிக் கிடந்த தாய் இசக்கியம்மாள் கண் விழிப்பதற்குள் அடக்கமும் முடிந்துவிட்டது.

மறுநாள் காய்ச்சல் பார்க்கப் போனபோது இசக்கியம்மாள் அவள் கையைப் பிடித்துக்கொண்டாள்.

“சிஸ்டர், நீங்கதான் தூக்குனீங்களாமே. எம் பிள்ள மொகம் எப்படி இருந்துச்சு? அவுக பாக்க மனசில்லாம துணியத் தொறக்கவே இல்லையாம்.”

சகாயமேரி யோசித்தாள். இரண்டு கிலோ அறுநூறு என்பது நினைவுக்கு வந்தது. காலை பத்து நாற்பது என்பதும் வந்தது. முகம் மட்டும் வரவில்லை.

“உங்கள மாதிரியேதான்க்கா. கன்னத்துல சின்னதா ஒரு குழி” என்றாள்.

இசக்கியம்மாள் அழுதாள், அழுகைக்கு நடுவே சிரிக்கவும் செய்தாள். மாலையில் பார்க்க வந்த எல்லோரிடமும் அந்தக் குழியைப் பற்றியே சொன்னாள். “எந்தக் கன்னத்துல?” என்று அவள் அக்கா கேட்டாள். இசக்கியம்மாள் திரும்பி, பக்கத்துக் கட்டிலருகே நின்ற சகாயமேரியைப் பார்த்தாள். எல்லோரும் பார்த்தார்கள்.

“எடது கன்னம்” என்றான் சுவரோரம் நின்ற கணவன், தலையை நிமிர்த்தாமலே.